மூணு தட்டு, அப்புறம் ரெண்டு

– தலைவரே, கொஞ்சம் குனிஞ்சு உங்க காலைப் பாருங்க.

– என் காலுக்கு என்ன வந்துச்சு?

– வலது கால்ல இருக்கறது உங்க பூட்ஸ். இடது கால்ல இருக்கறது யாரோடது?

– அதானே! காலையிலேர்ந்து ஒரு கால் மட்டும் லொடலொடன்னு இருக்கேன்னு பாத்தேன்.

– யாரோடதுன்னு கேட்டேன்.

– தம்பியோடது. அவன் சாமானெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டாந்து குடுத்தாங்கல்ல, அன்னிலேர்ந்து வாசப்படிக்கிட்டயே கிடக்கு. ஏதோ நெனப்புல மாட்டிக்கிட்டேன் போல. விடுங்க ஜோசியரே, ரெண்டும் பூட்ஸ்தானே.

– நல்லா விட்டேன். ஒரு கால்ல ஆறாம் நம்பர், ஒரு கால்ல பத்தாம் நம்பர். இந்த லட்சணத்துல ஒரு மலையை வெடி வச்சு உடைக்கப் போறாங்களாம்.

– மலையை நானா உடைக்கறேன்? மருந்து உடைக்குது. துளையெல்லாம் அடைச்சாச்சு. ஒயர் இழுத்தாச்சு. நம்ம ஆளுங்க ஒருத்தர் விடாம வெளிய போயாச்சு. இந்தப் பதுங்கு அறையில நீங்களும் நானும்தான் மிச்சம். மேற்குப் பக்கம் காலின்னு அங்க இருக்கற நம்ம மேஸ்திரி பீரங்கி ஒரு போன் பண்ணிட்டா, இந்தப் பெட்டியில சாவியத் திருப்ப வேண்டியதுதான். இதுல பூட்ஸ் எங்கேர்ந்து வந்துச்சு?

– பூட்ஸ் வரல. தூக்கம் வந்துச்சு. எப்பத் தூங்கினீங்க?

– நேத்து.

– பொய்.

– யோவ் ஜோசியரே! உங்களக் கூட்டிட்டு வந்தது கல்லுக்கு ஜோசியம் பாக்க. எனக்குப் பாக்க இல்ல.

– கல்லு பரவாயில்ல தலைவரே. கைய வச்சா, உள்ள தண்ணி இருக்கு, உள்ள விரிசல் இருக்குன்னு சொல்லிரும். கல்லு பொய் சொல்லாது. நீங்க சொல்வீங்க. காலையில கூட்டத்துல என்னைப் பாத்து என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

– என்ன சொன்னேன்?

– "தம்பி, அந்த வரைபடத்த எடு"ன்னீங்க. எனக்குப் பேரன் இருக்கான். தலையில ஒரு கருப்பு முடி தேடினாலும் கிடைக்காது.

– அய்யய்யோ. எல்லாரும் சிரிச்சுட்டாங்களா?

– ஒருத்தரும் சிரிக்கல. நம்ம பசங்க, ஒருத்தன் வழுக்கி விழுந்தாலே ஒரு வாரம் வச்சு ஓட்டறவனுங்க, அத்தனை பேரும் தரையப் பாத்துக்கிட்டு நின்னானுங்க.

– எனக்கு ஒண்ணும் இல்ல.

– ஒண்ணும் இல்லாமதான் உங்க தம்பி போனதுலேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம, மறுநாளே ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு உள்ள வந்தீங்களா? இன்னிக்கு வேண்டாம் தலைவரே. நாளைக்கு வச்சுக்கலாம். ராத்திரி நல்லாத் தூங்குங்க. மலை எங்கயும் ஓடிடாது. இது எத்தனை யுகமா இங்க உக்காந்திருக்கு, ஒரு நாள் கூட உக்காராதா?

– மலை உக்காந்திருக்கும். பஸ்ஸு?

– எந்த பஸ்ஸு?

– இந்த மலையச் சுத்திப் போகுதே, அந்த பஸ்ஸு. இன்னிக்கும் போகும்ல? அவன் போன பஸ்ஸு உருண்டுச்சே, அந்த வளைவுல திரும்பும்ல? அதுல யாரோட தம்பி உக்காந்திருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?

– தலைவரே...

– இந்தச் சுரங்கப் பாதைக்கு அவன் அந்தப் பக்கத் தலைமை, நான் இந்தப் பக்கத் தலைமை. நடுவுல இருக்கற பாறை, ஒரு வீட்டு அகலம் கூட இல்ல. லீவு அன்னிக்கு என்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடறதுக்கு, அவன் அரை நாள் பஸ்ல உக்காந்து மலையச் சுத்தி வரணும். எத்தனை தடவ சொல்லியிருப்பேன், வராதடா, ஓட்டை விழட்டும், நடந்தே வரலாம்னு. "சும்மா இரு அக்கா, ஓட்டை விழற வரைக்கும் பட்டினி கிடக்கச் சொல்றியா"ம்பான். இந்த ஓட்டை ஒரு மாசம் முன்னாடி விழுந்திருந்தா, அவன் கைய வீசிக்கிட்டு நடந்து வந்திருப்பான் ஜோசியரே. நான் ஒரு நாள் தள்ளிப் போட்டா, அது இன்னொரு வீட்டுக்கு ஒரு நாள். அதான் இன்னிக்கே.

– சரி. இன்னிக்கேதான். நான் வாயத் திறக்கல. இந்தாங்க, இந்த டீய மட்டும் குடிங்க. ஆறிப் போச்சு, ஆனாலும் டீ டீதான்.

– வேண்டாம்.

– குடிங்கன்னா குடிங்க. இருபது வருஷமா உங்க கூட மூணு மலைக்குள்ள பூந்து வந்திருக்கேன். ஒரு டீ குடிக்க வைக்கற அதிகாரம் கூட எனக்குக் கிடையாதா?

– ...குடிச்சாச்சு. திருப்தியா?

– அப்படியே அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காருங்க. பீரங்கி போன் பண்ற வரைக்கும். கண்ண மூட வேண்டாம், சாஞ்சா போதும். ஒண்ணு காட்டவா உங்களுக்கு?

– என்ன அது?

– நேத்து பாறை முகப்புல கடைசியாத் துளை போட்டப்ப வந்த கல்லு. டார்ச்ச இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க. தெரியுதா?

– சிப்பி!

– சிப்பிதான். கடல் சிப்பி. நீங்க உக்காந்திருக்கற இடம் ஒரு காலத்துல கடலோட அடித்தரை. தலைக்கு மேல அவ்வளவு தண்ணி இருந்துச்சு, இப்ப அவ்வளவு கல்லு இருக்கு. இந்தச் சிப்பி செத்தப்ப மனுசன்னு ஒருத்தன் இந்த உலகத்துலயே கிடையாது. அதுக்கப்புறம் வெளிச்சத்தயே பாக்கல இது. முதல் முதலா இதைப் பாத்த கண்ணு என் கண்ணு, ரெண்டாவது உங்க கண்ணு.

– எப்பா. உடம்பு சிலிர்க்குது ஜோசியரே.

– எனக்கு இந்த வயசுலயும் சிலிர்க்குது. ஒவ்வொரு மலைக்குள்ளயும் நுழையறப்ப, செருப்பக் கழட்டி வெளிய விட்டுட்டு வரலாமான்னு தோணும். அம்மாம் பெரிய ஆளு வீட்டுக்குள்ள நாம பாட்டுக்குக் கேக்காம நுழையறோம்.

– அவனும் இப்படித்தான் பேசுவான். "அக்கா, மலை நம்மள விடுதுக்கா. வேண்டாம்னு நெனச்சா ஒரே அமுக்கு அமுக்கிரும்"பான்.

– முன்னாடியெல்லாம் என்கிட்ட எத்தனை கேள்வி கேப்பாரு. "கல்லத் தட்டிப் பாத்து எப்படிண்ணே சொல்றீங்க, எனக்கும் சொல்லிக் குடுங்க"ன்னு சுத்தியலத் தூக்கிக்கிட்டு பின்னாடியே வருவாரு.

– ஆமா, நீங்க முன்னல்லாம் தட்டித் தட்டிக் காதக் குடுத்துக் கேப்பீங்கல்ல? இப்பல்லாம் கையால தடவிப் பாத்தே சொல்லிடறீங்களே.

– வயசாச்சுல்ல. கை படிச்சு வச்சிருக்கு.

– அவனுக்குத் தட்டறதுன்னா உசுரு. அதுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்ல. சின்னப் புள்ளையிலேர்ந்தே. எங்கம்மா சீக்கிரமே போயிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு எப்பவும் வெளியூர் வேலை. அவனுக்கு இருட்டுன்னா பயம். வெளிய சொல்ல மாட்டான், ரோஷம். தனி ரூம்லதான் படுப்பேன்னு படுத்துக்குவான். நடுவுல ஒரு சுவரு. படுத்த கொஞ்ச நேரத்துல தட்டுவான். மூணு தட்டு, கொஞ்சம் விட்டு ரெண்டு தட்டு.

– அப்படின்னா?

– "அக்கா, முழிச்சிருக்கியா?" நான் ஒரே ஒரு தட்டு தட்டுவேன். "இருக்கேன், தூங்கு." சில நாள் பத்து தடவ தட்டுவான் படவா. பத்து தடவயும் நான் திருப்பித் தட்டணும். நான் தூங்கிட்டாலும், அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுரும். இடி இடிச்சாக் கூட எந்திரிக்க மாட்டேன், அதுக்கு எந்திரிச்சுடுவேன்.

– எனக்கு இது தெரியாதே.

– யாருக்கும் தெரியாது. இந்த வேலை ஆரம்பிச்சப்ப அவன் சொன்னான், "அக்கா, பாறை மெலிஞ்சு மெலிஞ்சு ஒரு நாள் நான் தட்டறது உனக்குக் கேக்கும் பாரு. அன்னிக்கு நாம ஜெயிச்சுட்டோம்"னு. தினமும் வேலைக்குள்ள நுழையறப்ப அந்தப் பக்கம் தட்டுவானாம். நானும் இங்க காத வச்சுப் பாப்பேன். அப்ப பாறை கெட்டியா இருந்துச்சு. ஒரு நாளும் கேக்கல. இப்ப கேக்கற அளவுக்கு மெலிஞ்சிருச்சு. தட்டறதுக்குத்தான் ஆளு இல்ல.

– ம்.

– என்ன ம்?

– கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அதான் ம். போன் அடிக்குது, எடுங்க.

– நீங்களே எடுங்களேன், பக்கத்துலதானே இருக்கு.

– போனெல்லாம் உங்க வேலை. பீரங்கி பேசறதுக்கு போன் எதுக்கு? அந்த மனுசன் வாயத் திறந்தா மலையத் தாண்டி எனக்கே கேக்கும்.

– ஹலோ, சொல்லு.

– அம்மா! பீரங்கி பேசறேம்மா! மேற்குப் பக்கம் காலிம்மா! எல்லாரும் வெளிய வந்தாச்சு! நான்தான் கடைசி!

– காது கிழியுது, மெதுவாப் பேசு. முகப்பு வரைக்கும் போய்ப் பாத்தியா?

– பாத்தேம்மா. போய் நின்னு கத்திட்டு வந்தேன். யாரும் இல்ல.

– பலகையப் பாத்தியா?

– பாக்காம வருவனாம்மா? எல்லாக் கொக்கியிலயும் பேரு வெட்டின வில்லை தொங்குது. ஒரு கொக்கிதான் காலி. அது... தெரியுமேம்மா உங்களுக்கு. உங்க தம்பி, நம்ம சின்னவரோடது.

– தெரியும்.

– உள்ள போறப்ப எடுத்துட்டுப் போன வில்லைய வெளிய வந்தா மாட்டணும்னு எங்களுக்குப் படிச்சுப் படிச்சு சொன்னதே அவருதாம்மா. அன்னிக்கு பஸ்ஸப் பிடிக்கற அவசரத்துல அவரே மாட்ட மறந்து, அவரு வில்லை அவரு சட்டைப் பையிலயே... அன்னிலேர்ந்து தினமும் எண்ணறப்ப ஒண்ணு காலியாவே நிக்குது. அதப் பாக்கறப்பல்லாம், அவரு இன்னும் உள்ளதான் வேலை பாத்துக்கிட்டு இருக்காருன்னு...

– போதும்யா. வெய்யி. நான் சாவியத் திருப்பினதும் மூணு வெடி கேக்கும். புகை அடங்கற வரைக்கும் ஒருத்தனையும் உள்ள விடாத.

– சரிங்கம்மா! நல்லபடியா முடியட்டும்மா!

– கேட்டுச்சா ஜோசியரே?

– அவரு கத்தினது வெளிய நிக்கறவனுக்கெல்லாம் கேட்டிருக்கும். காலின்னுட்டாரா?

– காலி.

– அப்ப உங்க விருப்பம் தலைவரே. ஹெல்மெட்ட இறுக்கிக்குங்க. வாயத் திறந்து வச்சுக்குங்க, காது அடைச்சுக்கும்.

– ...

– என்ன?

– உஷ்.

– என்ன தலைவரே?

– யாரோ தட்டறாங்க.

– எங்க?

– இந்தச் சுவத்துல. நான் சாஞ்சிருந்தேன்ல, முதுகுல பட்ட மாதிரி இருந்துச்சு. இப்ப காத வச்சா... இதோ. இதோ! கேக்கலையா உங்களுக்கு?

– தண்ணி சொட்டறதா இருக்குமோ? மேல ஊத்து இருக்கு.

– தண்ணி எண்ணிக்கிட்டுச் சொட்டுமா? ஒண்ணு, ரெண்டு, மூணு. நிறுத்தறான். ஒண்ணு, ரெண்டு. ஜோசியரே, அவன்தான்.

– யாரு?

– மூணு தட்டு, அப்புறம் ரெண்டு. வேற யாரு இருக்கா? அவன்தான் தட்டறான். என் தம்பி தட்டறான்.

– தலைவரே, இப்படி உக்காருங்க.

– மறுபடியும் தட்டறான்!

– உக்காருங்க. என் கையப் பிடிச்சுக்குங்க. மூச்சு விடுங்க.

– ...

– இன்னும் ஒரு மூச்சு.

– ...ஜோசியரே.

– சொல்லுங்க.

– அவன நான்தானே சிதையில கொண்டு போய் வச்சேன். நெருப்பு வச்சது இந்தக் கைதானே.

– ஆமா தலைவரே.

– அப்புறம் எப்படி அவன் தட்டுவான்?

– தண்ணி குடிக்கறீங்களா தலைவரே?

– பேச்ச மாத்தாதீங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு சொல்லுங்க. நீங்க காலையிலேர்ந்து அதத்தானே சுத்தி வளைச்சு சொல்லிக்கிட்டு இருக்கீங்க? பூட்ஸு மாறிப் போச்சு, பேரு மாறிப் போச்சு, இப்ப செத்தவன் தட்டறது கேக்குது. நீங்க சொன்னதுதான் சரி. நான் சரியில்ல. இந்தாங்க.

– என்ன இது?

– சாவி. கழுத்துல இதக் கட்டிக்கிட்டு நிக்கற யோக்கியத எனக்கு இல்ல. கண்டபடி சத்தம் கேக்கற ஆளு கையில வெடிச் சாவி இருக்கக்கூடாது. இது என்னோட விதி, நானே போட்டது. உங்களுக்குத் தெரியும். பிடிங்க.

– தலைவரே...

– பிடிங்கன்னு சொல்றேன்ல! இனிமே நீங்கதான் தலைமை. மேற்கு காலின்னு சொல்லியாச்சு. எல்லாம் தயாரா இருக்கு. நீங்களே திருப்புங்க. நான் கண்ண மூடிக்கறேன். காதையும் மூடிக்கறேன்.

– வாங்கிட்டேன்.

– திருப்புங்க.

– திருப்பறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. எந்த இடத்துல காத வச்சீங்க?

– எதுக்கு?

– காட்டுங்களேன்.

– இங்க. இந்த ஆணிக்குப் பக்கத்துல. வேண்டாம் ஜோசியரே, என்னை சமாதானம் பண்றதுக்காக நீங்க...

– மூச்சு விடாதீங்க. நானும் காத வச்சுப் பாக்கறேன்.

– ...

– ...

– என்ன?

– எத்தனை தட்டுன்னு சொன்னீங்க?

– மூணு. அப்புறம் ரெண்டு.

– ம்.

– ம்னா?

– கேக்குது தலைவரே.

– என்னது?

– கேக்குது. மூணு, அப்புறம் ரெண்டு. நீங்க சொன்ன மாதிரியே.

– ஜோசியரே, விளையாடாதீங்க. சத்தியமா?

– இந்த நேரத்துல யாராவது விளையாடுவாங்களா? உங்களுக்குப் பைத்தியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சாவிய என் பையில போட்டுக்கிட்டேன், பாருங்க. நான் தலைமைன்னு சொன்னீங்கல்ல? அப்ப என் உத்தரவு. வெடி நிறுத்தம். போன எடுங்க.

– அப்ப அங்க... அங்க யாரோ இருக்காங்க!

– போன எடுங்கன்னா! பீரங்கியக் கூப்பிடுங்க!

– ஹலோ! ஹலோ! யோவ் பீரங்கி!

– அம்மா! என்னம்மா, இன்னும் வெடி கேக்கலையே?

– உள்ள யாரோ இருக்காங்க!

– இல்லம்மா! நான்தான் சொன்னேனே, பலகையில ஒண்ணே ஒண்ணுதான்...

– அந்தப் பலகைக்கு முன்னாடி போய் நில்லு. எண்ணாத. ஒவ்வொரு வில்லையா பேரப் படி.

– அம்மா, எண்ணிக்கை சரியா...

– பேரப் படியா!

– படிக்கறேம்மா, படிக்கறேன். முதல் வரிசை, துளை போடறவனுங்க எல்லாம் இருக்கானுங்க. ரெண்டாவது வரிசை, மண்ணு அள்றவனுங்க. இருக்கானுங்க. மூணாவது... அம்மா.

– என்ன?

– அம்மா, சின்னவரு கொக்கியில வில்லை தொங்குதும்மா.

– என்னய்யா உளர்ற?

– ஆமாம்மா! புதுசா, பளபளன்னு! அவரு பேரு வெட்டியிருக்கு! ஏய், யாருடா இத மாட்டினது? ...என்னது? ...அட பாவி! அம்மா, நம்ம வெல்டர் பையன்மா. இன்னிக்கு ஓட்டை விழற நாளு, சின்னவரு கொக்கி காலியா இருக்கக்கூடாதுன்னு அவனே ஒரு வில்லை அடிச்சு, காலையில யாருகிட்டயும் சொல்லாம மாட்டியிருக்கான். அழறாம்மா இங்க நின்னு.

– அழறது அப்புறம். சின்னவன் கொக்கி நிறைஞ்சிருக்குன்னா, காலியா இருக்கற கொக்கி யாரோடது?

– இருங்கம்மா, பாக்கறேன்.

– பீரங்கி! யாரோடது?

– நம்ம பம்ப்காரனோடதும்மா.

– ஐயோ.

– அம்மா, ஒண்ணு காலின்னு பாத்தேன். தினமும் ஒண்ணு காலிதானேம்மா. அது அவருதான்னு... நான் பேரப் பாக்கவே இல்லம்மா. பம்ப நிறுத்தறதுக்குத் தனியாப் போனான், முன்னாடியே வெளிய வந்திருப்பான்னு...

– ஓடு! பம்ப் வச்சிருக்கற பொந்துக்கு ஓடு! ஸ்ட்ரெச்சர எடுத்துக்கோ, நாலு பேரக் கூட்டிக்கோ. இங்க வெடி நிறுத்தியாச்சு, பயப்படாம உள்ள போ.

– போறேம்மா! டேய், வாங்கடா!

– போயிட்டானா?

– போயிட்டான். ஜோசியரே, நான் மட்டும் அந்தச் சாவிய...

– திருப்பல. திருப்பாத சாவியப் பத்தி எதுக்குப் பேசறீங்க?

– மறுபடியும் தட்டறான். கேக்குதா? இப்ப மெதுவாத் தட்டறான். அவனுக்குத் தெம்பு குறையுது.

– அப்ப நீங்க தட்டுங்க.

– என்ன?

– அந்தப் பக்கம் ஒருத்தன் இருட்டுல கிடக்கான் தலைவரே. "முழிச்சிருக்கியா"ன்னு கேக்கறான். உங்க தம்பி கேட்டா என்ன பண்ணுவீங்க? இந்தாங்க சுத்தியல்.

– ...தட்டிட்டேன். ஒண்ணு.

– என்ன சொல்றான்?

– இருங்க... எப்பா! உடனே தட்டறான்! மூணு, ரெண்டு! வேகமா! அவனுக்குக் கேட்டிருச்சு ஜோசியரே! இந்த மலைக்குள்ள, இவ்வளவு கல்லத் தாண்டி அவனுக்குக் கேட்டிருச்சு!

– நிறுத்தாதீங்க. அவன் தட்டத் தட்ட நீங்களும் தட்டுங்க.

– தட்டறேன்.

– நான் எத்தனை மலை பாத்தாச்சு. கடல் கல்லாகி நிக்கறதப் பாத்தாச்சு. இந்த மாதிரி ஒண்ணப் பாத்ததில்ல தலைவரே. ஒரு சின்ன சுத்தியலு. அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தி. நடுவுல ஒரு மலையே சும்மா வாயப் பொத்திக்கிட்டு நிக்குது.

– மலை நம்மள விடுதுன்னு சொல்லுவானே.

– சரியாத்தான் சொல்லியிருக்காரு.

– ...நின்னு போச்சு.

– என்ன நின்னு போச்சு?

– தட்டறது. தட்டறது நின்னு போச்சு ஜோசியரே. நான் தட்டறேன், பதில் இல்ல. ஒண்ணுமே இல்ல.

– போய்ச் சேந்திருப்பாங்க. அதான் நிறுத்தியிருப்பான்.

– இல்லன்னா?

– இல்லன்னான்னு ஒண்ணு கிடையாது. காதக் கல்லுல வைக்காதீங்க இப்ப. போனப் பாத்துக்கிட்டு உக்காருங்க.

– அடிக்க மாட்டேங்குதே.

– அடிக்கும்.

– ஒரு வேளை நாம லேட்டா...

– அடிக்குது பாருங்க! எடுங்க!

– ஹலோ! சொல்லுய்யா, சொல்லு!

– அம்மா! இருக்காம்மா! உசுரோட இருக்கான்! அம்மா? கேக்குதாம்மா?

– கேக்குது. சொல்லு.

– பொந்து வாசல்ல மேலேர்ந்து கல்லு சரிஞ்சிருக்கும்மா. கால் மாட்டிக்கிச்சு. விளக்கு உடைஞ்சு போச்சு. கத்திக் கத்திக் குரலே போயிருச்சு அவனுக்கு. கையில ஸ்பானர் இருந்துச்சு, அத வச்சுத்தான் சுவத்துல தட்டியிருக்கான். காலு முறிஞ்சிருக்கும் போல, மத்தபடி ஒண்ணும் இல்ல. தண்ணி குடிச்சான். பீடி கேக்கறான்மா, திட்டிட்டேன்.

– பீரங்கி, அவன்கிட்ட ஒண்ணு கேளு. ஏன் அப்படித் தட்டினான்? மூணு தட்டு, அப்புறம் ரெண்டு. அது யாரு சொன்னது அவனுக்கு?

– அவன எதுக்கும்மா கேக்கணும்? எங்க எல்லாருக்குமே தெரியுமே. சின்னவரு சொல்லிக் குடுத்தது. வேலைக்குச் சேர்ற அன்னிக்கே ஒவ்வொருத்தனையும் நிக்க வச்சு சொல்லுவாரு. "உள்ள எங்கயாவது மாட்டிக்கிட்டீங்கன்னா, விளக்கு போயிருச்சுன்னா, பயப்படாதீங்கடா. மூணு தட்டு தட்டுங்க, அப்புறம் ரெண்டு. யாருக்குக் கேக்குதோ இல்லையோ, அந்தப் பக்கம் எங்கக்கா இருக்கா, அவளுக்குக் கேட்டுரும்"னு.

– ...

– அம்மா? அம்மா, இருக்கீங்களா? ஒரு தட்டு திரும்பி வந்துச்சாமே, அதக் கேட்டப்புறம்தான் பயம் போச்சுன்னு சொல்றான். அதுக்கப்புறம் வெளிய வந்துருவோம்னு தெரிஞ்சு போச்சாம். அம்மா?

– இங்க குடுங்க போன. யோவ் பீரங்கி, நான் ஜோசியர் பேசறேன். அம்மா அப்புறம் பேசுவாங்க. அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, வளைவுல மெதுவாப் போகச் சொல்லு. இன்னிக்கு வெடி இல்ல. நாளைக்கும் அம்மா தூங்கி எந்திரிச்ச பிறகுதான். வச்சிடறேன்.

– ...

– அழுங்க தலைவரே. நல்லா அழுங்க. இங்க யாரும் இல்ல. நானும் கல்லும்தான்.

– ஜோசியரே, அவன்... அவன் எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கான்.

– சொல்லி வச்சிருக்காரு.

– அவளுக்குக் கேட்டுரும்னு. நான் கேக்கலைன்னா? நான் தூங்கியிருந்தா?

– நீங்க தூங்கினாலும் அதுக்கு மட்டும் எந்திரிச்சுடுவீங்க. இப்பதான் சொன்னீங்க, டீ குடிச்சப்ப.

– என் தம்பி ஜோசியரே. இருட்டுக்குப் பயந்த பயல். முப்பது ஆளுங்களுக்கு இருட்டுல பயப்படாதேன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கான்.

– ஆமா தலைவரே. அம்மாம் பெரிய மனுசனத்தான் நீங்க வளத்திருக்கீங்க. இந்தாங்க, துண்டு. மூஞ்சியத் துடைங்க. அப்படியே இந்த பெஞ்சுல காலை நீட்டுங்க. இந்தப் பத்தாம் நம்பர் பூட்ஸ நான் கழட்டறேன்.

– வெளிய போக வேண்டாமா? எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்களே.

– காத்துக்கிட்டு இருக்கட்டும். சாவி என் பையில இருக்கு, நான்தான் தலைமை. நீங்க ஒரு மணி நேரம் தூங்கறீங்க, இது உத்தரவு. நான் முழிச்சிருக்கேன்.

– நீங்க மட்டும் இல்லைன்னா இன்னிக்கு அவன் போயிருப்பான் ஜோசியரே. நான் சாவியத் தூக்கிக் குடுத்துட்டேன். என் காத நானே நம்பல. நீங்களும் கேக்குதுன்னு சொன்னதாலதான் நான் நிமிந்தேன்.

– தூங்குங்கன்னா.

– ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க காத வச்சப்ப எப்படி இருந்துச்சு அந்தச் சத்தம்? கிட்டக்கயா, தூரத்துலயா? அதக் கேட்டுக்கிட்டே தூங்கிடறேன்.

– நாளைக்குச் சொல்றேனே.

– இப்பவே. ஜோசியரே? என்ன, முகத்தத் திருப்பிக்கிறீங்க?

– கல்லுக்குள்ள இருந்து வர்ற சத்தம் எனக்குக் கேட்டு ரொம்ப வருஷமாச்சு தலைவரே. இத்தனை மலையில இத்தனை வெடி, காது என்னத்துக்கு ஆகும்? அங்க எனக்கு ஒண்ணுமே கேக்கல. நீங்க மூணுன்னீங்க, அப்புறம் ரெண்டுன்னீங்க, நான் கேக்குதுன்னுட்டேன்.